தரையில் விழுந்த நட்சத்திரம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடம் கிடையாது. ஒரு பக்கம் பழைய கல்யாணப் பத்திரிகைகள். இன்னொரு பக்கம் வண்ணக் காகிதத் துண்டுகள். நடுவில் ஒரு கிண்ணம் நிறைய மைதா பசை. ஆபீஸிலிருந்து வரும் அவர் அந்தக் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, “இன்றைக்கு ராத்திரிப் பலகாரம் இதுதானா?” என்று கேட்பார். குழந்தைகள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை செய்கிறார்கள் என்று அர்த்தம்!

“எதற்கு இந்தப் பாடு? கடைக்குப் போனால் மினுமினுவென்று எத்தனையோ அட்டைகள் கிடைக்குமே! கைபேசியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நூறு பேருக்கு வாழ்த்துப் போய்விடுமே!” என்று நீங்கள் கேட்கலாம். எதிர் வீட்டு மாமியும் அப்படித்தான் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்குச் சரியான பதில் தெரிந்திருக்காது. அந்த வருஷம் நான் ஒரு தப்புச் செய்தேன். அதிலிருந்துதான் பதிலைக் கற்றுக்கொண்டேன். ஆகையால் முதலில் அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தப்பு

அப்பொழுது பெரியவளுக்கு ஏழு வயது; சின்னவனுக்கு நாலு. பாளையங்கோட்டையில் இருக்கும் ஆச்சிக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஆளுக்கு ஓர் அட்டை செய்து அனுப்புவது என்று ஏற்பாடு. பெரியவள் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். சின்னவனுக்கு நான் பச்சைக் காகிதத்தில் மூன்று முக்கோணங்களும், தங்கநிறக் காகிதத்தில் ஒரு நட்சத்திரமும் வெட்டிக் கொடுத்தேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு வெகு சிரத்தையாக ஒட்டினான். ஒட்டி முடித்த பிறகு பார்த்தால், கிறிஸ்துமஸ் மரம் புயலில் அகப்பட்ட தென்னை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதுவாவது போகட்டும். நட்சத்திரத்தை மரத்தின் உச்சியில் வைக்காமல், அடியிலே, தரையிலே கொண்டுபோய் ஒட்டியிருந்தான்!

“ஐயையோ! நட்சத்திரம் மேலேதானேடா இருக்கும்?” என்று சொல்லிக்கொண்டே, பசை காய்வதற்குள் அதைப் பிய்த்து உச்சியில் ஒட்டினேன். கையோடு கையாக மரத்தையும் நிமிர்த்தினேன். ஓரத்தில் பிதுங்கிய பசையைத் துடைத்தேன். உள்ளே முத்து முத்தான என் கையெழுத்தில் வாழ்த்தும் எழுதினேன். அட்டை பிரமாதமாக அமைந்துவிட்டது!

சின்னவன் அழவில்லை. சண்டை போடவில்லை. நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கித் தன் பொம்மை லாரியைத் தேடிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் சித்தப்பாவுக்கு ஓர் அட்டை செய்யலாம் வா என்று கூப்பிட்டபோது, “நீயே பண்ணும்மா. நீதான் நல்லாப் பண்றே” என்றான். அதை நான் பாராட்டு என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

ஒரு வாரம் கழித்து அத்தை டெலிபோனில் பேசினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்திருந்தேன்.

“கார்டு ரெண்டும் வந்துட்டும்மா. பெரியவ படம் நல்லாப் போட்டிருக்கா. நட்சத்திரம் வச்ச மரம் ரொம்ப லட்சணமா இருக்கு. அது நீ போட்டதுதானே? சின்னவன் ஒண்ணும் போடலையா?”

சின்னவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். “அது அவன் போட்டதுதான் அத்தை” என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. எப்படி வரும்? அவன் போட்டதைத்தான் நான் துடைத்துவிட்டேனே! நூறு காத தூரத்தில் இருக்கும் கிழவிக்கு ஒரே பார்வையில் தெரிந்த விஷயம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்குத் தெரியவில்லை.

அவசரக்காரர் கண்டுபிடித்த அட்டை

நான் மட்டும்தானா, அட்டை நன்றாக இருக்கவேண்டும் என்று பார்த்து, யாருடைய கை என்று பார்க்காமல் விட்டவள்? அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை பிறந்த கதையே கைவேலையைத் தவிர்த்த கதைதான்.

லண்டனில் ஹென்றி கோல் என்று ஒரு சுறுசுறுப்பான மனிதர் இருந்தார். இப்போது விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியம் என்று பெயர் பெற்றிருக்கும் காட்சிசாலைக்கு முதல் டைரக்டராக இருந்தவர் அவர்தான். 1840-ஆம் வருஷம் பிரிட்டனில் ஒரு பென்னி தபால் திட்டம் வந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னியில் கடிதம் போடலாம் என்றால் கேட்பானேன்! கிறிஸ்துமஸ் சமயத்தில் கோலின் மேஜையில் கடிதங்கள் மலையாகக் குவிந்தன. அத்தனைக்கும் தம் கையால் பதில் எழுத அவருக்கு நேரம் ஏது? 1843-இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, சுமார் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டுக்கொண்டார். தமக்கு வேண்டியது போக மீதியை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். ஷில்லிங் என்றால் 12 பென்னி. ஓர் அட்டையின் விலையில் 12 கடிதம் போட்டிருக்கலாம்!

அந்த முதல் அட்டையின் மீதே வம்பும் வந்தது. ஒரு குடும்பம் விருந்துண்டு மதுக் கோப்பையை உயர்த்துவது போலப் படம். அதில் ஒரு சின்னக் குழந்தைக்கும் ஒருவர் கோப்பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மதுவிலக்குக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒரு பிடி பிடித்துவிட்டார்கள்.

பிற்பாடு இங்கிலாந்தில் பனி, பைன் மரம், மார்பு சிவந்த ராபின் குருவி என்று விதவிதமாக அட்டைகள் வந்தன. ராபினுக்கு ஒரு வேடிக்கையான காரணம் சொல்வார்கள். விக்டோரியா ராணி காலத்தில் அங்கே தபால்காரர்கள் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதனால் அவர்களுக்கு ‘ராபின்’ என்றே பட்டப் பெயர். வாழ்த்தைக் கொண்டுவந்த மனுஷ ராபினின் ஞாபகமாக அட்டையில் குருவி ராபின் வந்து உட்கார்ந்துகொண்டது. அதாவது, அவர்கள் தங்கள் வாசலில் கண்டதை வரைந்தார்கள். நாமோ, வாசலில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்க, குழந்தையின் கையில் பனிமனிதன் படத்தைக் கொடுத்து, “இதைப் பார்த்துப் போடு” என்கிறோம்!

காகிதம் இல்லாமல் ஒரு சித்திரம்

இன்னொரு அட்டையின் கதையையும் சொல்லவேண்டும். இது ஒரு குழந்தையின் கையால் ஆனது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு, பசியில் வாடிய குழந்தைகளுக்கு உதவுவதற்காக 1946-இல் ஐக்கிய நாடுகள் சபை ‘யூனிசெஃப்’ என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. உதவி பெற்ற நாடுகளில் செக்கோஸ்லோவாகியாவும் ஒன்று. அங்கே ஒரு கிராமத்தில் யிட்கா ஸம்கோவா என்று ஏழு வயதுச் சிறுமி. கிடைத்த உதவிக்கு நன்றியாக ஒரு படம் வரைய ஆசைப்பட்டாள். வரைவதற்குக் காகிதம்கூட அகப்படாத காலம் அது. அவள் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அதன்மேல் வரைந்தாள். வசந்த விழாக் கம்பத்தைச் சுற்றிக் குழந்தைகள் கூத்தாடும் சித்திரம். அவளுடைய பள்ளிக்கூடத்து ஆசிரியர் அதை யூனிசெஃபுக்கு அனுப்பிவைத்தார். 1949-இல் அதுவே யூனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாக அச்சாயிற்று. அதைத் தொடர்ந்து அட்டைகள் விற்றுக் குழந்தைகளுக்காகப் பணம் திரட்டும் வழக்கமே ஏற்பட்டுவிட்டது.

அந்தக் கண்ணாடிச் சித்திரத்தை வாங்கிய பெரியவர் யாராவது, “குழந்தை ஆசையாகப் போட்டிருக்கிறது; ஆனால் கொஞ்சம் சரி பண்ணிவிடலாம்” என்று தூரிகையை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

வயதுக்கேற்ற வேலை

குழந்தையின் கோடு ஏன் கோணுகிறது? கவனக் குறைவால் அல்ல. கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதற்கு வருஷங்கள் ஆகின்றன. இரண்டு வயதில் கிறுக்கத்தான் வரும். ஏறக்குறைய மூன்று வயதில் வட்டம் வரும். நாலு வயதில் கூட்டல் குறி வரும். அதற்குப் பிறகு சதுரம். ஐந்து வயதை ஒட்டித்தான் முக்கோணம். குழந்தை வைத்தியர்கள் வளர்ச்சியைப் பார்ப்பதற்குக்கூட இந்த வரிசையைக் கவனிப்பதுண்டு. ஒரு குழந்தைக்கு மாதம் முன்னே பின்னே ஆகலாம். மூன்று நாலு வயதில் மனிதனை வரையச் சொன்னால் ஒரு பெரிய தலையும், அதிலிருந்து நேராக இரண்டு கால்களும் போடும். வயிறு எங்கே என்று தேடாதீர்கள். உலகத்துக் குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் போடுகின்றன.

ஆகவே, நாலு வயதுப் பிள்ளையைக் கிறிஸ்துமஸ் மரம் வரையச் சொல்லிவிட்டு, முக்கோணம் சரியாக இல்லையே என்று குறைப்படுவது, பல் முளைக்காத குழந்தையின் கையில் முறுக்கைக் கொடுத்துவிட்டுக் கடிக்கவில்லையே என்று குறைப்படுவதற்குச் சமானம். வயதுக்குத் தகுந்த வேலையாகக் கொடுத்தால் உங்களுக்குத் திருத்துகிற சபலமே வராது.

இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு: கையையும் விரலையும் வண்ணத்தில் தோய்த்துப் பதிப்பது. நாலு ஐந்து வயதுக்கு: காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது, காய்களால் முத்திரை குத்துவது. ஆறு ஏழு வயதுக்கு: முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டுவது, மடிப்பது, தானே எழுதுவது.

தேவையான சாமான்கள்

அட்டை: கடையில் கெட்டித் தாள் வாங்கலாம். ஏ4 அளவுத் தாள் 29.7 சென்டிமீட்டர் நீளமும் 21 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். நீளவாட்டில் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் இரண்டாக மடித்தால், சுமார் 15 சென்டிமீட்டர் உயரமும் பத்தரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு அட்டைகள் கிடைக்கும். முதலில் கவரை வாங்கிவிட்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி அட்டையை வெட்டுங்கள். அட்டையை முடித்துவிட்டுக் கவர் தேடி அலைந்தவள் சொல்கிறேன்! வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளையும் விடாதீர்கள். எழுத்து இல்லாத பக்கம் அட்டைக்கு ஆகும்; தங்க ஓரமும் பளபளக்கும் உறையும் நட்சத்திரத்துக்கு ஆகும்.

பசை: இரண்டு மேஜைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடி போல வந்ததும் இறக்கி ஆறவிட வேண்டியதுதான். குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் பசையில் கூடவே கூடாது.

வண்ணம்: தண்ணீரில் கரையும் வண்ணமாக இருக்கட்டும். பழைய பருத்தித் துணியை நாலாக மடித்துத் தட்டில் வைத்து, அதன்மேல் வண்ணத்தைக் கொஞ்சம் கெட்டியாக ஊற்றிவிட்டால் அதுவே முத்திரை குத்தும் மெத்தை. சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றும் போதும். ஜிகினாத் தூள் பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் குழந்தை கையோடு கண்ணைக் கசக்கிக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

வெண்டைக்காய் நட்சத்திரம்

சமையலறையிலேயே ஒரு நட்சத்திரம் ஒளிந்துகொண்டிருக்கிறது, தெரியுமா? சாம்பாருக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் முற்றல் வெண்டைக்காய்தான் அது! காம்புப் பக்கமாகக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து முனையுள்ள அழகான நட்சத்திரம் இருக்கும். வழவழப்பை ஒரு துணியால் ஒற்றியெடுத்து, பத்து நிமிஷம் காயவிட்டு, மஞ்சள் வண்ணத்தில் தொட்டுக் குத்தினால், நாலு வயதுப் பிள்ளை ஒரு வானத்தையே நிரப்பிவிடும்! காம்போடு இருக்கும் துண்டைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ள வசதி.

உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் முக்கோணம் நிற்கும்படி சுற்றிலும் செதுக்கிவிட்டால் அது மரம். கத்தி வேலை நம்முடையது. குத்துகிற வேலை குழந்தையுடையது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று குத்தினால் பெரிய மரம். கட்டைவிரலைச் சிவப்பில் தோய்த்து ஆங்காங்கே வைத்தால் மரத்தில் விளக்கு எரிகிறது.

இரண்டு வயதுக் குழந்தைக்கு இவற்றையெல்லாம்விடச் சுலபமானது உள்ளங்கை. பச்சை வண்ணத்தைத் தடவி, விரல்கள் கீழே பார்க்கும்படி அட்டையில் பதித்தால் அதுவே மரம். ஓரத்தில் தேதியைக் குறித்து, ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் பக்கத்தில் இன்னொரு கையைப் பதிக்கும்போது, பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும்.

கத்தரிக்கோல் பிடிக்கும் வயதானால், பச்சைத் தாளை விசிறி மடிப்பாக மடித்து, அகலமான துண்டு கீழே, குறுகலான துண்டு மேலே என்று நாலைந்து வரிசை ஒட்டச் சொல்லுங்கள். அட்டையைத் திறந்தால் மரம் எழும்பி நிற்கும்.

ஒரு வேளைக்கு இரண்டு அட்டை போதும். இருபது நிமிஷம் போதும். பெயர்ப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு இருபத்தைந்து அட்டை செய்ய வைத்தால், பண்டிகை வேலை பள்ளிக்கூடத்து வீட்டுப் பாடமாகிவிடும். நாலே நாலு பேரைக் குழந்தையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எங்கள் சின்னவன் முதலில் சொன்ன பெயர் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? காலையில் பால் பாக்கெட் போடும் அண்ணனுடையது!

நம் கை எங்கே இருக்கவேண்டும்?

டெலிபோன் பேச்சு நடந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சின்னவனை மறுபடியும் மேஜைக்கு அழைத்தேன். “ஆச்சிக்குப் புது வருஷத்துக்கு ஒரு அட்டை வேணுமாம். நீ போட்டதுதான் வேணுமாம்” என்றேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தான். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். சகோதரிகளே, இது நான் கண்டுபிடித்த மிகச் சிறந்த உபாயம்! குழந்தை அட்டை செய்யும்போது உங்கள் கைக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள். பூத் தொடுக்கலாம், பட்டாணி உரிக்கலாம். கை சும்மா இருந்தால்தான் திருத்தப் போகும்.

அவன் மரம் ஒட்டினான். இந்தத் தடவையும் சாய்ந்தது. நட்சத்திரத்தை எடுத்தான். பசை தடவினான். நேராகக் கொண்டுபோய்த் தரையில் ஒட்டினான்!

எனக்குக் கை பரபரத்தது. கீரையை இறுகப் பிடித்துக்கொண்டேன். “ஏன் கீழே ஒட்டினாய்?” என்று கேட்டால் அதிலேயே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. ஆகையால், “இந்தப் படத்திலே என்ன நடக்குது? எனக்குச் சொல்லேன்” என்று மட்டும் கேட்டேன்.

“மழை பெய்ஞ்சுது. காத்து அடிச்சுது. நம்ம ஸ்டார் கீழே விழுந்துடுச்சு. அப்பா காலையிலே எடுத்துத் துடைச்சாங்க இல்லே? அதுதான்” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி நல்ல மழை. பால்கனியில் நாங்கள் கட்டியிருந்த காகித நட்சத்திரம் கயிறு அறுந்து, கீழே சேற்றில் விழுந்து கிடந்தது. விடியற்காலையில் அவர் அதை எடுத்துவந்து துடைத்து மறுபடியும் கட்டினார். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். குழந்தை மறக்கவில்லை. ஆச்சிக்கு அதைத்தான் சொல்ல நினைத்தான். அவனுக்கு எழுதத் தெரியாது; ஒட்டத் தெரியும். தன் வீட்டுச் சமாசாரத்தை அவன் ஒட்டிக் காட்டினால், நான் அதைப் பிழை என்று நினைத்து அழித்துவிட்டேன்!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். குழந்தை சொல்வதை அப்படியே, அதன் வார்த்தையிலேயே, அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் எழுதிவிடுவேன். என் கை அங்கே மட்டும்தான். முன்பக்கம் குழந்தையுடையது. எழுதத் தெரிந்த பிள்ளையானால் பெயரை அதுவே எழுதட்டும். ஆறு ஏழு வயது வரைக்கும் சில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கும். அதைப் பள்ளிக்கூடத்து நோட்டில் திருத்திக்கொள்ளலாம். வாழ்த்து அட்டை பரீட்சைத் தாள் அல்ல.

தபால் பெட்டி வரைக்கும்

வெளியூர் அட்டைகளை டிசம்பர் பத்தாம் தேதிக்குள் தபாலில் சேர்த்துவிடுவது நல்லது. பண்டிகை நெருங்க நெருங்கத் தபால் பைகள் கனத்துக்கொண்டே போகும். பொத்தான், மணி என்று தடித்த சாமான்களை ஒட்டாதீர்கள். முத்திரை குத்தும்போது கவர் கிழிந்துவிடும். தபால்தலையைக் குழந்தையே ஒட்டட்டும். சிவப்புப் பெட்டியின் வாயில் அட்டையைப் போடும்போது தூக்கிப் பிடியுங்கள். உள்ளே ‘தொப்’பென்று விழும் சத்தத்தைக் கேட்டு அது சிரிப்பதைப் பார்க்க, பாதித் தெருவை நடந்து போகலாம்.

கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகளுக்கும் இதில் பங்குண்டு. எதிர் வீட்டு மாமியின் பேரன், எங்கள் மேஜையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், உருளைக்கிழங்கில் பானை செதுக்கித் தரச் சொல்லிப் பாட்டியைப் படாதபாடு படுத்திவிட்டான். பொங்கலுக்குக் கரும்பும் பானையும் மஞ்சள் கொத்தும் போட்ட அட்டைகள் தபால் பெட்டிகளை அடைத்துக்கொண்ட காலம் நமக்கு ஞாபகம் இருக்கிறது அல்லவா? சிவகாசியில் அச்சடித்து வந்த அட்டைகளைக் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நமக்கு எத்தனை அட்டை வந்தது என்று எண்ணி எண்ணிப் பெருமைப்பட்டவர்கள்தானே நாம்? கைபேசி வந்து அந்த வழக்கத்தை விழுங்கிவிட்டது. பேரன் கையால் செய்த பானையைப் பார்த்ததும் மாமி, “எதற்கு இந்தப் பாடு?” என்று கேட்பதை விட்டுவிட்டார். அந்த அட்டை இப்பொழுது அவர் வீட்டுப் பூஜை அலமாரிக் கதவில் இருக்கிறது.

நாலு தையல்

புது வருஷ அட்டை பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தை டெலிபோனில் சின்னவனிடம் மட்டும் வெகு நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். ராத்திரி ஜெபத்துக்காக அத்தை வேதப் புத்தகத்தைத் திறந்தார். உள்ளே அந்த அட்டை இருந்தது. சாய்ந்த மரம்; தரையில் நட்சத்திரம். நான் பசையை அந்தத் தடவை கொஞ்சம் நீர்க்கக் காய்ச்சிவிட்டேன் போலிருக்கிறது. காய்ந்ததும் நட்சத்திரம் விட்டுப்போயிருக்கிறது. ஆனால் அது அட்டையிலேயே இருந்தது. உற்றுப் பார்த்தேன். ஐந்து முனையில் நாலு முனைகளில், வெள்ளை நூலால், பொடிப் பொடியாகத் தையல்!

“பசை விட்டுப் போச்சும்மா. தொலைஞ்சிரக் கூடாதுல்லா? அதான் நாலு தையல் போட்டு வச்சேன்” என்றார் அத்தை. அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாது. யாரையாவது பிடித்துக் கோக்கச் சொல்லியிருப்பார்.

எனக்கு ஒன்று கேட்கவேண்டும் போல் இருந்தது. “தைத்ததுதான் தைத்தீர்கள், மரத்துக்கு மேலே வைத்துத் தைத்திருக்கலாமே அத்தை?” என்றேன்.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“பிள்ளை அங்கதானம்மா வச்சிருக்கான்” என்றார்.